பள்ளிக்கூடக் கக்கூஸுக்கு எந்தக் கதவு? தாய்மார்கள் தீர்மானிக்கட்டும்!

பள்ளிக்கூடத்தில் கக்கூஸ் கட்டுவதைப் பற்றி ஒரு பத்திரிகை இத்தனை பத்திகள் எழுத வேண்டுமா என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக் கூடும். கூலி உயர்வு, பஞ்சப்படி, போனஸ், நிலம், குத்தகை என்று எத்தனையோ பிரச்னைகள் இருக்க, இதுவும் ஒரு பிரச்னையா என்று கேட்கக் கூடும். அந்த நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெண் குழந்தையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும்: காலையில் பள்ளிக்குப் போனாயே, மாலை வரை எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய்?

பல வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான். குடிக்கவில்லை, குடித்தால் ஒதுங்க வேண்டி வரும், பள்ளியில் ஒதுங்க இடம் இல்லை. இருக்கிற இடத்துக்குக் கதவில்லை. கதவிருந்தால் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்தால் பூட்டுப் போட்டிருக்கிறது.

இந்தப் பதிலைக் கேட்டு நம் தாய்மார்கள் ஆச்சரியப்பட மாட்டார்கள். நடவு வயலிலும் களையெடுப்பிலும் சூரியன் உச்சிக்கு வந்த பிறகும் தொண்டையை நனைக்காமல் நிற்பது அவர்களுக்குப் பழக்கம். இருட்டும் வரை அடக்கி வைத்து, அதனால் வரும் நோயையும் அடக்கி வைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். தாய் வயலில் பட்ட பாட்டை மகள் பள்ளிக்கூடத்தில் படுகிறாள். படிக்க அனுப்பிய பெண் வயதுக்கு வந்த பிறகு மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்குகிறாள். அந்த நாலு நாள் பாடம் போகிறது. பாடம் போனால் பரீட்சை போகிறது. பிறகு, "படிப்பு ஏறவில்லை" என்று சொல்லிப் பள்ளியை விட்டு நிறுத்தி, மில்லுக்கோ கூலி வேலைக்கோ அனுப்பி விடுகிறோம். படிப்பு ஏறாததற்கு ஒரு தாழ்ப்பாள் இல்லாதது காரணமாக இருந்தது என்பதை எந்த மார்க் ஷீட்டும் எழுதுவதில்லை.

இன்று பல ஊர்களில் பள்ளிக் கழிப்பறையைப் புதிதாகக் கட்டவும் பழையதைப் புதுப்பிக்கவும் பணம் வருகிறது. சர்க்கார் திட்டம், சட்டமன்ற உறுப்பினர் நிதி, ஒன்றிய நிதி, கம்பெனிகள் கொடுக்கும் நிதி என்று பல வழிகளில் வருகிறது. வரட்டும், நல்லது. ஆனால் எந்தச் சுவர், எந்தக் கதவு, எந்தக் கோப்பை, எத்தனை அறை என்பதைத் தீர்மானிப்பது யார்? எஸ்டிமேட் போடும் இன்ஜினீயரும், பில் போடும் கான்ட்ராக்டரும், வண்ணப் படப் புத்தகத்தோடு வரும் கம்பெனி ஏஜெண்டும்தான். அதற்குள்ளே போய் உட்காரப் போகிற குழந்தையையோ, அவளைப் பெற்ற தாயையோ, தினமும் அதைக் கழுவப் போகிற தொழிலாளியையோ ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த முறை மாற வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது.

கட்டியது எவ்வளவு, நின்றது எவ்வளவு?

கேட்காமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 2014 ஆகஸ்ட் 15 அன்று, ஓர் ஆண்டுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை என்று பிரதமர் டில்லிக் கோட்டையில் நின்று அறிவித்தார். ஓர் ஆண்டு முடிந்ததும், 2 லட்சத்து 61 ஆயிரம் பள்ளிகளில் 4 லட்சத்து 17 ஆயிரத்துக்கு மேற்பட்ட கழிப்பறைகள் கட்டி முடிந்தன என்று கணக்குச் சொன்னார்கள். அதில் ஒரு பகுதியை மத்திய சர்க்காரின் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டின. அந்தப் பகுதியைத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் ஆட்கள் 15 மாநிலங்களில் நேரில் போய்ப் பார்த்தார்கள். அவர்களுடைய அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது.

அதில் கண்டது என்ன? கட்டியதாகச் சொல்லப்பட்டு, நேரில் சோதித்த 2,612 கழிப்பறைகளில் 200 கழிப்பறைகள் அந்த இடத்திலேயே இல்லை. 86 அரைகுறையாக நின்றன. 691 உபயோகத்தில் இல்லை. தண்ணீர் இல்லை, கழுவ ஏற்பாடில்லை, உடைந்து கிடக்கிறது என்பவை காரணங்கள். நூற்றுக்கு 72 கழிப்பறைகளில் உள்ளே குழாய்த் தண்ணீர் கிடையாது. நூற்றுக்கு 55-ல் கை கழுவ வசதி கிடையாது.

பொதுத்துறையைப் பழிப்பதற்காக இதை எடுத்துச் சொல்லவில்லை. பொதுத்துறை நம்முடைய சொத்து. அதன் தலையில் தேதியைக் கட்டி, எண்ணிக்கையைக் கட்டி, "முடித்தாயா, முடித்தாயா" என்று விரட்டினால் விளைவு இப்படித்தான் இருக்கும். எண்ணிக்கைக்கு வேண்டியது ஒரு பெட்டியும் ஒரு போட்டோவும். குழந்தைக்கு வேண்டியதோ கதவு, தாழ்ப்பாள், தண்ணீர், கழுவும் ஆள் ஆகிய நான்கும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்ற மூன்றுக்கும் செலவழித்த பணம் வீண்.

மில்லுக்கு ஒரு நியாயம், பள்ளிக்கு ஒரு நியாயமா?

பஞ்சாலைத் தொழிலாளருக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19-வது பிரிவு கக்கூஸைப் பற்றியே எழுதப்பட்டது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம், வெளிச்சம், காற்றோட்டம், சுத்தம் செய்யத் தனி ஆட்கள் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் தரையையும், சுவரில் 90 சென்டிமீட்டர் உயரம் வரையும் வழுவழுப்பான ஓடு பதிக்க வேண்டும் என்றது. அதன் கீழ் வந்த விதிகள், 25 பெண் தொழிலாளருக்கு ஒரு கக்கூஸ் என்று கணக்குப் போட்டன. ஒவ்வொன்றும் மறைவாகத் தடுக்கப்பட்டு, சரியான கதவும் தாழ்ப்பாளும் உள்ளதாக இருக்க வேண்டும் என்றும் எழுதின.

இதெல்லாம் முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. இயந்திரத்தை விட்டு நகர்ந்தால் "பஸ் ஸ்டாண்டா இது?" என்று மேஸ்திரி அதட்டிய காலத்தில் சங்கம் வைத்துக் கேட்டு வாங்கியது. ஏட்டில் எழுதியது எல்லா ஆலைகளிலும் நடந்ததா என்பது வேறு விஷயம். கேட்பதற்கு ஓர் ஏடாவது இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு ஏடு இல்லையா? உண்டு. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் இந்த வசதியைச் செய்து முடிக்க உத்தரவிட்டது. மத்திய மனிதவள அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட கைநூல் எண்ணிக்கையையும் சொல்லிற்று: 40 பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி, ஒரு தொகுதி என்றால் ஒரு கக்கூஸ், மூன்று சிறுநீர்ப் பிறை.

வேலை செய்கிற பெண்கள் 25 பேருக்கு ஒரு கக்கூஸ். படிக்கிற பெண்கள் 40 பேருக்கு ஒரு கக்கூஸ். மில்லில் வேலை செய்கிறவளுக்கு இடையில் போய்வர வாய்ப்பு இருக்கலாம். பள்ளியில் இண்டர்வெல் மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில்தான் ஓட வேண்டும்.

ஒரு கணக்கு

கணக்குப் போட்டே பார்ப்போம். ஒரு நடுநிலைப் பள்ளியில் 80 பெண் பிள்ளைகள் என்று வைத்துக் கொள்வோம். கைநூல் கணக்குப்படி இரண்டு தொகுதி. அதாவது 2 கக்கூஸ், 6 சிறுநீர்ப் பிறை. இண்டர்வெல் 10 நிமிடம். கக்கூஸில் ஒருத்திக்கு 2 நிமிடம் என்றால் இரண்டிலுமாக 10 பேர். சிறுநீர்ப் பிறையில் ஒருத்திக்கு 1 நிமிடம் என்றால் ஆறிலுமாக 60 பேர். மொத்தம் 70 பேர். எல்லாம் ஒழுங்காக வேலை செய்து, ஒரு விநாடி கூட வீணாகாமல், பிள்ளைகள் ரயில் பெட்டி போல வரிசையாகப் போய் வந்தாலும் 10 பேருக்கு முறை வராது. ஒரு தொகுதியை, "வாத்தியார்களுக்கு" என்றோ, "இன்ஸ்பெக்ஷன் வரும்போது திறக்கலாம்" என்றோ பூட்டி வைத்துவிட்டால் 35 பேர்தான் போக முடியும். 45 பேர் அடக்கிக் கொண்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.

ஆகவே முதல் கோரிக்கை எண்ணிக்கை. எத்தனை பிள்ளைகள், இடைவேளை எத்தனை நிமிடம் என்று பார்த்துத்தான் அறைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும். புதிதாகக் கட்டப் பணமில்லை என்றால், வகுப்புக்கு வகுப்பு இண்டர்வெல் நேரத்தை மாற்றி வைக்கச் சொல்லலாம். அதற்குக் காசு செலவில்லை.

எந்தச் சுவர்?

இனி அறைக்கு வருவோம். இன்று மூன்று விதமான தடுப்புகளைக் காட்டுகிறார்கள்.

முதலாவது, நம் ஊர்க் கொத்தனார் கட்டுகிற நாலரை அங்குலச் செங்கல் சுவர், அதன் மேல் ஓடு. இது மெதுவாக எழும். ஆனால் ஓடு உடைந்தால் அதே கொத்தனார் வந்து ஒட்டுவார். ஒரே நிபந்தனை: அஸ்திவாரம் ஒழுங்காக இருக்க வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து மூன்று மாணவர்கள் மாண்டார்கள். இண்டர்வெல்லுக்குப் போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. "கக்கூஸ் சுவர்தானே" என்ற அலட்சியம் உயிரைக் குடிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, லாரியில் வந்து இறங்குகிற ரெடிமேட் அறை. சிமெண்டுப் பலகையிலோ பைபரிலோ செய்திருப்பார்கள். காலையில் இறங்கினால் மாலையில் திறப்பு விழா நடத்தலாம். அதனாலேயே விழா நடத்துகிறவர்களுக்கு இதன் மேல் பிரியம் அதிகம். பைபர் பெட்டியாக இருந்தால் சித்திரை வெயிலில் உள்ளே அடுப்பு போலக் கொதிக்கும். கீறல் விட்டால் ஊரில் யாருக்கும் ஒட்டத் தெரியாது. விற்ற கம்பெனிக்கு எழுத வேண்டும். பள்ளி வைக்க வேறு இடமே இல்லாமல், தற்காலிகமாக வேண்டியிருக்கிறது என்றால் மட்டும் இதை ஏற்கலாம்.

மூன்றாவது, சினிமா கொட்டகையிலும் விமான நிலையத்திலும் இருப்பது போன்ற அழுத்தப் பலகைத் தடுப்பு. எஃகுக் கால்களில் நிற்கும். கீழே அரையடி சந்து, மேலே திறந்த வெளி. தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவ வசதி என்பது உண்மை, பலகையும் ஊறாது. புதுப் பொருள் என்பதற்காக நாம் இதை வெறுக்கவில்லை. ஆனால் அந்த அரையடிச் சந்து பெண் குழந்தைக்குப் பயம். கையடக்கப் போன் எல்லார் பையிலும் இருக்கும் காலம் இது. சந்து உள்ள கக்கூஸுக்குள் போக அவள் தயங்குவாள். தயங்கினால் தண்ணீர் குடிக்க மாட்டாள். பலகை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் தரை வரைக்கும் இறங்கட்டும். மேலேயும் எட்டிப் பார்க்க முடியாத உயரம் இருக்கட்டும். அதோடு இன்னொரு கேள்வி: கீல் ஒன்று கழன்றால், அதே கீல் பக்கத்து டவுன் கடையில் கிடைக்குமா?

எந்தத் தடுப்பானாலும் நாம் வைக்கும் சோதனை இதுதான். சனிக்கிழமை உடைந்தால் திங்கட்கிழமை மணி அடிக்குமுன் நம் ஊர்க் கொத்தனாரோ, ஆசாரியோ, வெல்டிங் பட்டறைக்காரரோ சரி செய்ய முடியுமா? முடியும் என்றால் எடுக்கலாம். முடியாது என்றால், எத்தனை பளபளப்பானாலும் திருப்பி அனுப்பலாம்.

எந்தக் கதவு?

கதவு விஷயத்தில்தான் அதிகமாக ஏமாற்றுகிறார்கள். பிளைவுட் கதவு இரண்டு மழைக்காலத்தில் அடிப்பாகம் ஊறி உப்பிவிடும். தகரக் கதவு அடியில் துருப்பிடித்து ஓட்டை விழும். அந்த ஓட்டையின் ஓரம் குழந்தையின் காலைக் கிழிக்கும். பிளாஸ்டிக் கதவு ஊறாது, துருப்பிடிக்காது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் நிலையில் சின்னத் திருகாணி போட்டுக் கீல் மாட்டினால், பிள்ளைகள் நாலு தடவை வேகமாகத் திறந்ததும் கதவு கையோடு வந்துவிடும். பிறகு, "பிள்ளைகள் உடைத்துவிட்டார்கள்" என்று பழி. உடைத்தது பிள்ளைகளா, மெலிந்த நிலையைப் போட்டுத் தடித்த பில் எழுதினவரா?

நிலை சிமெண்டிலோ கல்லிலோ இருக்கட்டும். கீல் திருகாணியில் நிற்காமல், மறுபக்கம் மரை போட்டு முறுக்கிய போல்டில் நிற்கட்டும். தாழ்ப்பாள் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், அந்தச் சின்னக் கை பிடித்து இழுக்கிற அளவில் இருக்கட்டும். உள்ளே பிள்ளை மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து ஒரு பெரியவர் திறக்க வழி இருக்கட்டும். கதவு வெளிப்புறமாகத் திறந்தால் விழுந்த பிள்ளை கதவை அடைக்காது. அதற்குத் தக்கபடி நடைபாதை அகலமாக இருக்க வேண்டும். ஓர் அறைக்காவது அகலமான கதவும், கைப்பிடிக் கம்பியும், வாசலில் படிக்குப் பதில் சாய்தளமும் வேண்டும். நடக்க முடியாத பிள்ளையும் பள்ளிக்கு வர உரிமை உள்ள பிள்ளைதான்.

இன்னும் இரண்டு சின்னப் பொருள்கள். சுவரில் ஒரு கொக்கி, ஒரு மாடம். பெண் பிள்ளை துப்பட்டாவை எங்கே போடுவாள்? ஈரத் தரையிலா? கிராமத்துப் பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் இலவசமாகக் கொடுக்கும் திட்டம் 2012-ல் தொடங்கியது, பாராட்டுகிறோம். கொடுத்த நாப்கினை மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் உள்ள கதவும், போடுவதற்கு மூடியுள்ள தொட்டியும் இல்லை என்றால் அந்தத் திட்டம் பாதி வழியில் நிற்கிறது.

"சின்னப் பிள்ளைகளுக்குக் கதவு எதற்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2022-ல் கோவை அம்மன்குளத்தில் ஒரு பொதுக் கழிப்பிடத்தில், ஒரே அறையில், நடுவே தடுப்புக் கூட இல்லாமல் இரண்டு கோப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்த படம் வெளிவந்து நாடே சிரித்தது. அது 1995-ல் கட்டியது, சிறுவர்களுக்காக, பெரியவர்கள் பார்த்துக் கொள்ள வசதியாகக் கதவில்லாமல் வைத்தது என்று மாநகராட்சி விளக்கம் சொன்னது. சிரித்துவிட்டுப் போக வேண்டிய விஷயமா அது? ஏழை வீட்டுக் குழந்தைக்கு மானம் பெரியவன் ஆன பிறகுதான் வரும் என்ற நினைப்பு அந்த விளக்கத்துக்குள் இருக்கிறது. அதே நினைப்பு பல எஸ்டிமேட்டுகளிலும் இருக்கிறது.

தண்ணீரும் குழியும்

கோப்பையைத் தேர்ந்தெடுப்பதும் தண்ணீர்க் கணக்குத்தான். டவுனில் விற்கும் சாதாரணக் கோப்பையின் வளைவில் 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும்; ஒரு தடவைக்குப் பத்து லிட்டராவது ஊற்ற வேண்டும். கிராமத்துக்கென்று வந்த சரிவான கோப்பையில் 20 மில்லிமீட்டர்தான் நிற்கும். ஒன்றரை, இரண்டு லிட்டர் போதும். நாளைக்கு 100 தடவை உபயோகம் என்றால் முதலாவதுக்கு 1,000 லிட்டர், இரண்டாவதுக்கு 200 லிட்டர். தண்ணீருக்குக் குடம் வரிசை நிற்கிற ஊரில் எதை வாங்குவது என்று தாய்மார்களைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்வார்கள். குழாய் ஒவ்வோர் அறைக்குள்ளும், குழந்தை உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் வேண்டும். வெளித் தொட்டியிலிருந்து வாளியில் தூக்கிப் போகச் சொன்னால் இண்டர்வெல் அதிலேயே தீர்ந்துவிடும்.

கழிவு எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள இடங்களில் இரண்டு உறைக்குழி போடலாம். ஒன்று நிரம்பினால் அடைத்துவிட்டு மற்றதைத் திறப்பது. சுமார் இரண்டு ஆண்டில் அடைத்த குழியில் உள்ளது உலர்ந்து உரமாகிவிடும். மனிதன் உள்ளே இறங்க வேண்டியதில்லை. குடிநீர்க் கிணற்றிலிருந்து மட்டும் தள்ளி இருக்க வேண்டும். டெல்டா போல நீர் மேலே நிற்கும் பகுதிகளில் செப்டிக் டேங்க் தான் வழி. அங்கே இரண்டு விஷயத்தில் விட்டுக் கொடுக்கக் கூடாது. ஒன்று, மூடி கனத்த சிமெண்டு மூடியாக இருக்க வேண்டும். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி, துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். இரண்டு, தொட்டியை இயந்திரம்தான் எடுக்க வேண்டும்; மனிதனை இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது. தடை செய்த பிறகும் தமிழ்நாட்டில் தொட்டிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் பலர். அவர்கள் எந்தச் சேரியிலிருந்து வந்தார்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

கழுவுவது யார்?

எல்லாவற்றையும் சரியாகக் கட்டினாலும் கழுவ ஆள் இல்லை என்றால் ஒரு வாரத்தில் நாறிவிடும். இரண்டு வாரத்தில் பூட்டு விழும். இன்று பல பள்ளிகளில் இந்த வேலையைச் செய்யும் பெண்ணுக்குப் "பகுதி நேரம்" என்று பெயரிட்டு, ஒரு மில் தொழிலாளியின் சில நாள் கூலியை மாதச் சம்பளமாகக் கொடுக்கிறார்கள். அதுவும் மாதா மாதம் வருவதில்லை. கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை, பினாயில் வாங்கப் பணம் இல்லை. அந்த அம்மாள் வராத நாளில் யார் கழுவுவது?

2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை, தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளைக் கக்கூஸ் கழுவச் செய்தார் என்ற புகாரின் பேரில் கைது செய்யப்பட்டார். படிக்க வந்த பிள்ளையின் கையில் ஜாதியைப் பார்த்துத் துடைப்பத்தைக் கொடுப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பிள்ளையின் நெஞ்சில் அது ஆயுசுக்கும் ஆறாத புண். சம்பளம் கொடுத்து ஆள் வைக்காத சர்க்கார் இந்தக் குற்றத்துக்கு வழி திறந்து வைக்கிறது. ஆகவே எஸ்டிமேட்டில் செங்கல், சிமெண்டு, ஓடு என்று எழுதுகிறபோதே, கழுவும் தொழிலாளிக்கு முழுச் சம்பளம், கருவிகள், மருந்து என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லாத எஸ்டிமேட்டை ஊர் ஏற்கக் கூடாது.

இன்னொன்று. சுவரையும் தரையையும் தேர்ந்தெடுக்கும்போது அந்தத் தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த மூலையில் அழுக்குத் தங்கும், எந்த ஓட்டில் கால் வழுக்கும், தரைச் சரிவு எந்தப் பக்கம் இருந்தால் தண்ணீர் தானே ஓடும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த இன்ஜினீயருக்கும் தெரியாது.

என்ன செய்ய வேண்டும்?

சட்டம் ஓர் ஆயுதத்தை நம் கையில் கொடுத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி சர்க்கார் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்; உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பல ஊர்களில் இந்தக் குழு கையெழுத்து வாங்கும் குழுவாக இருக்கிறது. நோட்டை வீட்டுக்கு அனுப்பி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடம்மா" என்று கேட்கிறார்கள். கூலி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்த அம்மாளும் போட்டுவிடுகிறாள். இனிமேல் படிக்காமல், கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம், அவளுக்காகத்தானே கட்டுகிறார்கள்!

குழுக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை இவை. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை அறை? கதவு எந்தச் சாமான், நிலை எந்தச் சாமான், தாழ்ப்பாள் எத்தனை அடி உயரம்? ஒவ்வோர் அறையிலும் குழாய் உண்டா, தொட்டியில் நாளைக்கு எத்தனை லிட்டர் ஏறும்? கழிவு எங்கே போகிறது, மூடி எது? கழுவுவது யார், சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில்? உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளில்? ஓர் அறையை முதலில் கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, குழாய் திறந்து பார்த்து, "சரி" என்று சொன்ன பிறகு மற்ற அறைகளைக் கட்டட்டும். எஸ்டிமேட்டின் நகலைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நம் பணம், நாம் பார்ப்பதில் யாருக்கு என்ன கஷ்டம்?

குழுவில் பதில் வராவிட்டால் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. இவற்றில் மே 1 நம்முடைய நாள். கொடியேற்றி முடித்ததும் கலைந்து போகாமல், தாய்மார்களோடு சபைக்குப் போய்த் தீர்மானம் கொண்டு வரலாம்.

"இது பெண்கள் விஷயம்" என்று ஒதுங்கி நிற்கும் ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. மில் கேட்டுக்குள் தாழ்ப்பாளுக்காகச் சண்டை போட்ட சங்கம், கேட்டுக்கு வெளியே தன் மகளின் தாழ்ப்பாளுக்காகச் சண்டை போட வெட்கப்படலாமா? சங்கத்தில் கொத்தனார்கள் இருக்கிறார்கள். வெல்டர்கள், பிட்டர்கள் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போங்கள். எத்தனை கதவு இருக்கிறது, எத்தனை தாழ்ப்பாள் போடுகிறது, எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது, எத்தனை பூட்டித் தொங்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டுதான் மகஜரின் முதல் பக்கம். திங்கட்கிழமை அதைத் தலைமை ஆசிரியரிடம் ஒரு பிரதி, வட்டாரக் கல்வி அதிகாரியிடம் ஒரு பிரதி, பஞ்சாயத்துத் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.